சின்ன மக்காவுக்கு ஏதோ சரியில்லையா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போவது

மக்காவ், அதாவது பஞ்சவர்ணக் கிளி, என்றதும் மனதில் வருவது ஆள் தோள் அகலத்துக்கு வாலை நீட்டிக்கொண்டு உட்காரும் பெரிய ரகம்தான். இது அதைப் பற்றியது அல்ல. ஹான்ஸ், மஞ்சள் கழுத்து, சிவியர், இல்லிகர் என்று ‘மினி மக்காவ்’ கணக்கில் வரும் சின்ன ரகங்களை வீட்டில் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் பல வருடங்களாக ஒரு ஹான்ஸோடு குடித்தனம் நடத்துகிறேன். வளர்க்கிற நண்பர்களிடமிருந்து போனும் வரும். கேள்விகள் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான்: கத்துகிறது, கடிக்கிறது, இறகைப் பிடுங்குகிறது, சாப்பிட மாட்டேன் என்கிறது. பாதிப் பேர் முதலில் கேட்பது “என்ன மருந்து கொடுக்கலாம்?” என்று. நான் திருப்பிக் கேட்பது “இன்றைக்கு எடை எவ்வளவு?” என்று. பெரும்பாலும் பதில் வராது.

## எதற்கும் முன்னால்: தராசும் தாளும்

1 கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். அதன் மேல் ஒரு சின்ன குச்சித் தாங்கியை வைத்து, பறவையை அதில் ஏறப் பழக்குங்கள். காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, சாப்பிடும் முன் எடை பார்த்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். வாரம் இரண்டு முறை போதும். ஏதாவது சந்தேகம் இருந்தால் தினமும்.

ஹான்ஸ் சுமார் 150 முதல் 170 கிராம் இருக்கும். மஞ்சள் கழுத்து 250 கிராம் பக்கம், சிவியர் 300-க்கு மேல். ஆனால் புத்தகத்து எண்ணைவிட உங்கள் பறவையின் வழக்கமான எடைதான் முக்கியம். அதிலிருந்து நூற்றுக்குப் பத்து குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். 160 கிராம் பறவைக்கு அது வெறும் 16 கிராம். இறகு மூடியிருப்பதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

தாள் என்பது கூண்டின் அடித்தட்டில் விரிக்கும் சாதாரணக் காகிதம். மரத்தூள், சோளக்கதிர்த் துண்டு எல்லாம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எச்சம் தெரியாது, ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். தினமும் தாள் மாற்றும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அவ்வளவுதான்.

## இவை இருந்தால் கீழே படிக்க வேண்டாம், மருத்துவரிடம் கிளம்புங்கள்

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுவது. வாயைத் திறந்து மூச்சு வாங்குவது. குச்சியில் ஏற முடியாமல் கூண்டின் தரையில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்வது. நிற்காத ரத்தம். வலிப்பு, தள்ளாட்டம், தலை ஒரு பக்கம் சாய்வது. ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னாமல் இருப்பது. பூனையின் பல்லோ நகமோ பட்டது, கீறல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சரி, ஏனென்றால் பூனை வாயில் இருக்கும் கிருமி பறவையை ஓரிரு நாளில் முடித்துவிடும்.

பறவைகள் நோயை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். உப்பிக்கொண்டு தரைக்கு வந்துவிட்டது என்றால் மறைக்கும் தெம்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். “நாளைக்குக் காலையில் பார்க்கலாம்” என்று வைத்திருந்து காலையில் அழுதவர்களை எனக்குத் தெரியும்.

## அறிகுறி: ஓயாமல் கத்துகிறது

முதலில் மூன்று நாள் கத்தும் நேரத்தை மட்டும் எழுதி வையுங்கள். எதையும் மாற்ற வேண்டாம்.

### விடியும்போதும் இருட்டும்போதும் மட்டும் என்றால்

கோளாறு இல்லை. காட்டில் கூட்டம் ஒன்றையொன்று கூப்பிடும் நேரம் அது. இதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அந்தக் கால் மணி நேரத்தில், உள்ளே ஒளித்த தீனியைத் தேட வைக்கும் பொம்மை ஒன்றைக் கொடுத்தால் வாய் வேலையாக இருக்கும், சத்தம் பாதியாகும். இதுகூடத் தாங்காது என்பவருக்கு மக்காவ் சரிப்படாது. சின்ன ரகம் என்றால் சத்தமும் சின்னது என்று சொல்லி விற்பார்கள், நம்ப வேண்டாம்.

### நீங்கள் அறையை விட்டுப் போனதும் என்றால்

“எங்கே இருக்கிறாய்?” என்று கேட்கிறது. பதில் கிடைத்தால் அடங்கிவிடும். ஒரு விசிலையோ ஒரு வார்த்தையையோ பதிலாக வைத்துக்கொண்டு, கத்த ஆரம்பிக்கும் முன்பே பக்கத்து அறையிலிருந்து கொடுங்கள். அது மெதுவான குரலில் கூப்பிட்டால் உடனே பதில், அலறினால் பதில் இல்லை. அலறும்போது ஓடிவந்து “சும்மா இரு!” என்று கத்துவது அதற்குப் பரிசு. ஆளும் வந்தாயிற்று, ஆட்டமும் சூடு பிடித்தாயிற்று.

கண்டுகொள்ளாமல் விட ஆரம்பித்ததும் முதல் சில நாட்கள் கத்தல் கூடும். இங்கேதான் எல்லோரும் தோற்கிறார்கள். நாலாவது நாள் பொறுக்க முடியாமல் போய் நின்றால், நாலு நாள் கத்தினால் ஆள் வரும் என்று கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும்.

### பகல் முழுக்க என்றால்

செலவில்லாத காரணத்திலிருந்து பாருங்கள். இரவு 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் கிடைக்கிறதா? கூண்டுக்கு எதிரில் ஜன்னல் வழியாகப் பருந்தோ பூனையோ தெரிகிறதா? கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்கிறதா, இல்லை நட்ட நடுவில் நாலு பக்கமும் திறந்து கிடக்கிறதா? கடிக்க மரக்கட்டை, கிழிக்கக் காகிதம் இருக்கிறதா? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெளியே விடுகிறீர்கள்? இவற்றைச் சரி செய்து இரண்டு மூன்று வாரம் பொறுங்கள்.

### கத்துகிற பறவை திடீரென்று ஊமையானால்

அதைக் கண்டு சந்தோஷப்படாதீர்கள். அன்றைக்கே எடை பாருங்கள், தாளைப் பாருங்கள். குரல் கரகரப்பாக மாறியிருந்தாலும் அப்படித்தான். மூச்சுக்குழலில் பூஞ்சைத் தொற்று வந்தால் முதலில் குரல்தான் மாறும். மருத்துவர் பார்க்க வேண்டியது.

## அறிகுறி: கடிக்கிறது

இதற்குத்தான் அதிகம் போன் வரும். பறவையின் ‘குணம்’ கெட்டுவிட்டது என்பார்கள். கடி எங்கே, எப்போது, யாருக்கு என்று பிரித்துப் பார்த்தால் குணம் என்று ஒன்று மிச்சமிருக்காது.

### கையில் ஏறும்போது அலகால் பிடித்தால்

இது கடியே இல்லை. மக்காவுக்கு அலகு மூன்றாவது கால். ஏறும் முன் கிளை தாங்குமா என்று அலகால் பிடித்துப் பார்ப்பதுபோல உங்கள் விரலையும் பார்க்கிறது. பயந்து கையை வெடுக்கென்று இழுத்தால், ‘இந்தக் கிளை ஆடும்’ என்று நினைத்து அடுத்த முறை இறுக்கிப் பிடிக்கும். அதுதான் நிஜக் கடியாக முடிகிறது. கையை அசைக்காமல் வையுங்கள். முடியவில்லையா, ஒரு குச்சியில் ஏறப் பழக்கிவிட்டு அப்புறம் கைக்கு வாருங்கள்.

### கூண்டுக்குள் கை விடும்போது மட்டும் என்றால்

அது அதன் வீடு. உள்ளே கைவிட்டுப் பிடித்து எடுப்பதை நிறுத்துங்கள். கதவைத் திறந்துவிட்டு, தானாக வாசலுக்கு வந்த பிறகு ஏறச் சொல்லுங்கள். தீனிக் கிண்ணம் மாற்றும்போது அது வேறு இடத்தில் இருக்கட்டும். பெரும்பாலும் இத்தோடு தீர்ந்துவிடும்.

### சாயங்காலம் மட்டும், அல்லது நீண்ட நேரம் விளையாடிய பிறகு என்றால்

தூக்கம் போதவில்லை, இல்லையென்றால் கிளர்ச்சி கூடிப்போயிற்று. கடிக்கும் முன் அது சொல்லத்தான் செய்கிறது. கண்ணின் கருவிழி சுருங்கிச் சுருங்கி விரியும். பிடரி இறகு தூக்கும். வால் விசிறியாகும். முகத்தில் இறகில்லாத வெள்ளைத் தோல் சில ரகங்களில் சிவக்கும். இதில் ஏதாவது இரண்டைப் பார்த்தால் கையை நீட்டாதீர்கள், ஒரு நிமிடம் தள்ளி நில்லுங்கள். இதை நான் கற்றுக்கொள்ள என் ஆட்காட்டி விரல் இரண்டு வருடம் தியாகம் செய்தது.

### வீட்டில் ஒருவரை மட்டும் கடித்தால்

யாரோ ஒருவரைத் துணையாக எடுத்துக்கொண்டிருக்கிறது, மற்றவர் போட்டிக்காரர். அந்தப் ‘போட்டிக்காரர்’ கையால் மட்டுமே அதற்குப் பிடித்த கொட்டைப் பருப்பு கிடைக்க வேண்டும். துணையாகிவிட்டவர் தலையையும் கழுத்தையும் தவிர வேறு எங்கும் தடவக் கூடாது. முதுகு, வால் அடி, சிறகுக்குக் கீழே தடவுவது அதன் மொழியில் வேறு அர்த்தம்.

### நன்றாகப் பழகிய பறவை சில வயதானதும் மாறினால்

பருவம் வந்திருக்கிறது. பெட்டி, துணிக் கூடாரம், அலமாரி இடுக்கு என்று கூடு மாதிரித் தெரியும் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இரவை 12 மணி நேரம் முழு இருட்டாக்குங்கள். வெதுவெதுப்பான மெத்தென்ற சாப்பாட்டைக் குறையுங்கள். சில வாரங்கள், சில சமயம் சில மாதங்கள் எடுக்கும். இந்தக் கட்டத்தில்தான் நிறைய பறவைகள் கைமாறுகின்றன. பொறுத்திருந்தால் பழைய பறவை பெரும்பாலும் திரும்பி வரும்.

### காரணமே இல்லாமல், எல்லோரையும், திடீரென்று என்றால்

எங்கோ வலிக்கிறது. உள்ளங்கால் சிவந்திருக்கிறதா, ஒரு சிறகைத் தொங்கவிடுகிறதா, எடை குறைந்ததா என்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

எந்தக் கடிக்கும் பொதுவான முதலுதவி: கத்தாதீர்கள், அலகில் தட்டாதீர்கள், கையை உதறாதீர்கள். சத்தமில்லாமல் பக்கத்தில் ஒரு சமமான இடத்தில் இறக்கிவிட்டு, பத்து இருபது விநாடி அதைப் பார்க்காதீர்கள். சிறகை வெட்டினால் கடி நிற்கும் என்று ஒரு யோசனை உலவுகிறது. பறந்து விலக வழியில்லாத பறவைக்கு மிஞ்சுவது அலகு மட்டும்தான், யோசித்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: இறகு குறைகிறது

### முதல் கேள்வி: உதிர்கிறதா, பிடுங்குகிறதா?

தரையில் கிடக்கும் இறகை எடுத்துப் பாருங்கள். முழு இறகாக, அடிக்காம்பு சுத்தமாக, உடம்பின் இரண்டு பக்கமும் சமமாக உதிர்ந்து, புதுக் குருத்துகள் ஊசிபோல முளைத்துக்கொண்டிருந்தால் அது இறகு மாற்றம். வழுக்கை விழாது. அந்த நாட்களில் கொஞ்சம் சிடுசிடுப்பாக இருக்கும், குளிக்க வையுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம்.

நுனி கிழிந்து, காம்பு மென்று, மார்பிலும் தொடையிலும் சிறகடியிலும் திட்டுத் திட்டாக இருந்தால் பிடுங்குகிறது.

### இரண்டாவது கேள்வி: தலை எப்படி இருக்கிறது?

தன் தலையைத் தன் அலகால் எந்தப் பறவையும் தொட முடியாது. ஆகவே தலை பளபளவென்று இருந்து உடம்பு மொட்டையானால் தானே பிடுங்குகிறது. தலையிலும் இறகு போயிருந்தால், கூட இருக்கும் இன்னொரு பறவையின் வேலை. தனிப் பறவையாக இருந்தும் தலை மொட்டையா, அல்லது வரும் புது இறகே கோணலாகவும் நசுங்கியும் வருகிறதா? அலகு-இறகு நோய் என்ற வைரஸ் தொற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அது மற்ற கிளிகளுக்குப் பரவும். முடிவு வரும்வரை தனியாக வையுங்கள்.

### தானே பிடுங்குகிறது என்றால், இந்த வரிசையில்

குளியல். இவை வெப்பமண்டலப் பறவைகள். ஏசியோ ஹீட்டரோ ஓடும் வறண்ட அறையில் தோல் அரிக்கும். வாரம் மூன்று நான்கு முறை வெறும் தண்ணீரைப் பனிபோலத் தெளியுங்கள், இரவுக்குள் காயும் நேரமாகப் பார்த்து.

உங்கள் கை. புகை பிடிப்பவரின் விரலில் ஒட்டியிருக்கும் நிகோடின், கிரீம், வாசனைத் திரவியம் எல்லாம் இறகுக்கு ஏறும். கை கழுவிவிட்டுத் தொட்டுப் பாருங்கள். நம்ப முடியாத அளவுக்கு எளிய காரணம் இது.

தூக்கம். என்னுடையது ஒரு முறை மார்பைப் பிடுங்க ஆரம்பித்தபோது நான் இரண்டு மாதம் பொம்மைகளாக வாங்கிக் குவித்தேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது. டிவியைக் கூண்டு இருக்கும் அறைக்கு மாற்றிய வாரம் அது. இரவு பதினொன்றரை வரை வெளிச்சமும் சண்டைச் சத்தமும். கூண்டைப் பின் அறைக்கு நகர்த்தினேன், பிடுங்குவது நின்றது. இறகு முழுதாக மூட இன்னும் பல மாதம் ஆயிற்று.

பொழுதுபோக்கு. அப்புறம்தான் பொம்மை. பளபளக்கும் பிளாஸ்டிக்கைவிட, கிழிக்கிற அட்டை, உடைக்கிற மென்மரம், தீனியைச் சுற்றி மடித்த காகிதம் நல்லது. காட்டில் ஒரு நாளின் பெரும்பகுதி தீனி தேடுவதில் போகும். நாம் கிண்ணத்தில் வைத்துவிடுகிறோம், பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. மிச்ச நேரத்துக்கு இறகு இருக்கிறது.

தீனி. வெறும் விதையில் வளரும் பறவையின் தோல் வறண்டுதான் இருக்கும். கீழே பாருங்கள்.

இவ்வளவும் செய்து ஒரு மாதத்தில் மாற்றம் இல்லை என்றால் மருத்துவர். கல்லீரல் கோளாறு, தோல் தொற்று, துத்தநாகம் அல்லது ஈய நச்சு என்று உள்ளே காரணம் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே என்று செலவு ஏறுவது இங்கேதான். தோலையே கடித்துப் புண்ணாக்கினால் மாதம் எல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே. கடிக்காமல் தடுக்கும் கழுத்துப் பட்டையை நீங்களாக மாட்ட வேண்டாம், மாட்டிய பறவை தின்னாமல் கிடந்த கதைகள் உண்டு.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பல வருடம் பிடுங்கிய இடத்தில் வேர்க்குழி செத்துப்போய் இறகு திரும்ப வராமல் போகலாம். மொட்டையாக இருந்தும் சந்தோஷமாக வாழும் பறவைகள் இருக்கின்றன.

## அறிகுறி: சாப்பிடவில்லை

### கிண்ணம் நிறைய இருக்கிறது, எடை குறைகிறது என்றால்

கிண்ணத்தை ஊதிப் பாருங்கள். மேலே கிடப்பது வெறும் உமி. கிளி விதையை உரித்துத் தின்றுவிட்டு உமியை அங்கேயே போடும். கிண்ணம் நிறைந்த மாதிரியே தெரியும், பறவை பட்டினி கிடக்கும். சிரிக்காதீர்கள், ஊருக்குப் போகும்போது வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனால் இதுதான் நடக்கும்.

### விதை மட்டும் தின்கிறது, மற்றதைத் தொடவில்லை என்றால்

சூரியகாந்தி விதை மக்காவுக்கு நொறுக்குத் தீனி. அதையே சாப்பாடாக்கினால் கொழுப்புக் கல்லீரலும் வைட்டமின் ஏ குறைவும் வரிசையாக வரும். பெல்லட்டும் (சத்துகள் சேர்த்து உருண்டையாக அழுத்திய கிளித் தீனி) காய்கறியும் சேர்ந்து பெரும்பங்காக வேண்டும். கேரட், பூசணி, வேகவைத்த சர்க்கரைவள்ளி, அடர்பச்சைக் கீரை, குடைமிளகாய். மிளகாயும் தின்னும், பறவைக்குக் காரம் தெரியாது.

“பட்டினி போட்டால் தானாக வழிக்கு வரும்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த உடம்புக்கு ஒரு நாள் பட்டினியே ஆபத்து. நான் செய்யும் முறை இது: காலையில் நல்ல பசியில் முதலில் நறுக்கிய காய், கூடவே பெல்லட். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் விதை. நீங்களும் அதன் எதிரில் நின்று அதே காயைச் சத்தம் போட்டுத் தின்னுங்கள், பொறாமை நல்ல மசாலா. மாற்றும் காலம் முழுக்கத் தினமும் எடை. நூற்றுக்கு ஐந்து குறைந்தால் விதையைத் திரும்பக் கூட்டிவிட்டு மெதுவாக ஆரம்பியுங்கள். சில பறவைகள் ஒரு வாரத்தில் மாறும், சிலவற்றுக்கு அரை வருடம்.

கொடுக்கவே கூடாதவை: அவகாடோ, சாக்லேட், காபி, டீ, மது, வெங்காயம், பூண்டு, உப்புப் போட்ட தின்பண்டம்.

### எல்லாம் தின்ற பறவை திடீரென்று நிறுத்தினால்

கிண்ணம் புதிதா? இடம் மாறியதா? தண்ணீரில் ஏதாவது கலந்தீர்களா? வைட்டமின் சொட்டு கலந்த தண்ணீரைக் குடிக்காமல், தாகத்தில் தீனியையும் விடும் பறவைகள் உண்டு. இவை எதுவும் இல்லை என்றால் கொட்டாவி விடும்போது வாய்க்குள் பாருங்கள். வெள்ளைத் திட்டு இருந்தால் தொற்று அல்லது வைட்டமின் ஏ குறைவு. அதை நகத்தால் சுரண்டாதீர்கள். தடவிப் பார்த்து மார்பெலும்பு கத்தி விளிம்புபோலத் தட்டுப்பட்டால் இன்றே மருத்துவர்.

## அறிகுறி: எச்சம் மாறியிருக்கிறது

நல்ல எச்சத்தில் மூன்று பாகம்: பச்சையோ பழுப்போ ஆன திடம், வெள்ளைச் சுண்ணாம்பு, தெளிந்த நீர். காலையின் முதல் எச்சம் பெரிதாக இருக்கும், அது சாதாரணம்.

### நிறம் மட்டும் மாறினால்

நேற்று என்ன தின்றது? பீட்ரூட் சிவப்பாக்கும், பெர்ரி கருநீலமாக்கும், நிறம் போட்ட பெல்லட் எந்த நிறமும் ஆக்கும். அந்தத் தீனியை நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள்.

### நீர் அதிகமானால்

பழம் தின்றதா, குளித்ததா, பயந்ததா? இவை இல்லாமல் இரண்டு நாளுக்கு மேல் நீர் கூடி, தண்ணீரும் அதிகமாகக் குடித்தால் சிறுநீரகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

### வெள்ளைப் பாகமே மஞ்சளாகவோ பச்சையாகவோ ஆனால்

கல்லீரல். அன்றைக்கே போங்கள். கிளிக் காய்ச்சல் என்னும் தொற்றாகவும் இருக்கலாம், அது மனிதருக்கும் வரும். தாள் மாற்றும்போது ஈரப்படுத்திவிட்டு முகக்கவசத்தோடு மாற்றுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் இருந்தால், வீட்டில் கிளி இருக்கிறது என்பதை அவர்களுடைய மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

### முழு விதை அப்படியே வெளியே வந்தால்

செரிமானம் நடக்கவில்லை. எடையும் குறைந்துகொண்டே போனால், ‘மக்காவ் மெலிவு நோய்’ என்று முதலில் பெயர் வாங்கிய இரைப்பை விரிவு நோயை மருத்துவர் சந்தேகிப்பார். வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை, மற்ற பறவைகளைப் பிரித்து வைப்பதைத் தவிர.

### ரத்தமோ தார் போன்ற கறுப்போ இருந்தால்

தீனியின் நிறமாகத்தான் இருக்க வேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். கூண்டுக் கம்பியின் பூச்சு உரிந்திருக்கிறதா, மணி, ஜிப், திரைச்சீலைக் குண்டு எதையாவது மென்றதா என்று பார்த்துவிட்டு அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

## அறிகுறி: கக்குகிறது

தலையை மேலும் கீழும் ஆட்டி, உங்களையோ கண்ணாடியையோ ஒரு பொம்மையையோ குறிவைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கக்கினால் அது காதல். வாழ்த்துகள். கண்ணாடியை எடுத்துவிடுங்கள், அந்த நேரத்தில் தடவாமல் கீழே இறக்கிவிடுங்கள்.

தலையை இடவலமாக உதறி, யாரையும் பார்க்காமல், தலை இறகெல்லாம் ஒட்டும்படி கக்கினால் அது வாந்தி. கழுத்தடியில் தீனிப்பை ராத்திரி முழுக்கக் காலியாகாமல் காலையிலும் புடைத்திருக்கிறதா? புளித்த வாடை வருகிறதா? மருத்துவர். கையால் அழுத்தி வெளியேற்றப் பார்க்காதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

## அறிகுறி: மூச்சு சரியில்லை

பறந்து வந்த பிறகு இரண்டு நிமிடம் வால் ஆடினால் களைப்பு. நாளுக்கு நாலைந்து வறண்ட தும்மல் தூசி. மூக்குத்துளை ஈரமாகவோ அடைத்தோ, மேல் இறகு நனைந்தோ இருந்தால் தொற்று.

சிறகை உடம்பிலிருந்து விலக்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், அறை சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். நிழலுக்கு மாற்றி, காலில் குளிர்ந்த நீர் தெளியுங்கள். ஐஸ் வேண்டாம். சில நிமிடங்களில் அடங்கவில்லை என்றால் கிளம்புங்கள்.

வீட்டில் ஒட்டாத பூச்சுப் பாத்திரம் அடுப்பில் காய்ந்து போனதா? அந்தப் பூச்சு அளவுக்கு மீறிச் சூடாகும்போது வரும் புகைக்கு நமக்கு மணமே தெரியாமல் இருக்கலாம், பறவை சில நிமிடங்களில் செத்துவிடும். முதலில் பறவையை வெளிக்காற்றுக்குக் கொண்டு போங்கள், போன் அப்புறம். நான் அந்தப் பாத்திரங்களை எல்லாம் தூக்கிப்போட்டுவிட்டேன். ‘ஜாக்கிரதையாக உபயோகிப்போம்’ என்பது ஒரு நாள் மறதியில் முடியும் விஷயம். ஊதுபத்தி, கொசுவர்த்தி, வாசனை மெழுகுவர்த்தி, ஸ்ப்ரே எல்லாம் பறவை இருக்கும் அறையில் வேண்டாம்.

## அறிகுறி: ரத்தம்

160 கிராம் பறவையின் உடம்பில் இருக்கும் ரத்தமே சுமார் 15 மில்லி. சில சொட்டுகள் பரவாயில்லை, சொட்டிக்கொண்டே இருந்தால் நேரம் கிடையாது.

நகம் உடைந்திருந்தால் சோளமாவை அழுத்தி வைத்து இரண்டு மூன்று நிமிடம் பிடியுங்கள். வளரும் ரத்த இறகு, அதாவது காம்புக்குள் ரத்தம் ஓடும் புது இறகு, முறிந்திருந்தாலும் சோளமாவும் அழுத்தமும்தான். மார்பை அழுத்தாமல் பிடிக்க வேண்டும், ஏனென்றால் மார்பு விரியாவிட்டால் பறவையால் மூச்சு விட முடியாது. இறகை வேரோடு பிடுங்கச் சொல்வார்கள். தெரிந்தவர் செய்தால் சரி, நீங்கள் செய்தால் இன்னும் மோசமாகலாம். ரத்தம் நின்றதும் இருட்டான, அமைதியான கூண்டில் விடுங்கள். பத்து நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் மருத்துவர்.

## அறிகுறி: அலகும் காலும்

அலகில் மெல்லிய செதில் உரிவது சாதாரணம், மரக்கட்டை கொடுத்தால் தேய்த்துக்கொள்ளும். வேகமாக நீளமாக வளர்ந்தால் அதுவும் கல்லீரலின் அறிகுறியாக இருக்கலாம். நீங்களே வெட்டாதீர்கள், உள்ளே ரத்தமும் நரம்பும் உண்டு. உள்ளங்கால் சிவந்து வழவழப்பானால் ஒரே தடிமன் பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டு, தடிமன் மாறும் இயற்கைக் கிளைகளை வையுங்கள். புண்ணாகிவிட்டால் மருத்துவர்.

## அறிகுறி: தரையில் காலை அகட்டி முக்குகிறது

சின்ன மக்காவில் ஆண், பெண் பார்த்துச் சொல்ல முடியாது, டிஎன்ஏ பரிசோதனைதான். ராஜா என்று பெயர் வைத்த பறவை ஒரு நாள் முட்டை போடும். துணை இல்லாமலும் போடும். முட்டை சிக்கிக்கொண்டால் வயிறு புடைத்து, எச்சம் வராமல், முக்கிக்கொண்டு தரையில் உட்காரும். கூண்டின் ஒரு பகுதியை 30 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக்கி, ஈரப்பதம் கூட்டி, அப்படியே மருத்துவரிடம் கொண்டு போங்கள். எண்ணெய் தடவுவது, அமுக்குவது எதுவும் வேண்டாம். முட்டை உள்ளே உடைந்தால் பறவை போய்விடும்.

## மருத்துவரிடம் போகும்போது

எல்லாக் கால்நடை மருத்துவருக்கும் கிளி தெரியாது. பறவை பார்க்கிறவர் யார் என்பதைப் பறவை நன்றாக இருக்கும்போதே விசாரித்து எண்ணை எழுதி வையுங்கள். ஒரு முறை என் பறவைக்குத் தும்மல் வந்தபோது அவசரத்தில் கண்ணில் பட்ட மருத்துவமனைக்குள் போனேன். நாய்க்குக் கொடுக்கும் மருந்தின் அளவை மனக்கணக்கில் வகுத்துக் கொடுக்கப் பார்த்தார்கள். வாங்காமல் வந்துவிட்டேன்.

சின்னப் பெட்டிக் கூண்டு, அடியில் துண்டு, மேலே மூட ஒரு துணி. உயரமான குச்சி வேண்டாம், பலவீனமான பறவை விழும். கூடவே எடை நோட்டு, தீனியில் ஒரு கைப்பிடி. அன்றைய எச்சத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள், காய்ந்துவிட்டால் பாதிக் கதை போய்விடும். கத்தலோ கக்கலோ மூச்சோ, அதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவரின் மேசை மேல் நிற்கும்போது எந்தப் பறவையும் நோயாளி மாதிரி நடந்துகொள்ளாது.